பிள்ளை ஏன் மணல் சுமக்கிறான்?

சென்ற ஐப்பசி மாதக் கடைசியில் ஒரு நாள், மாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எம் பங்கைச் சேர்ந்த தாயார் ஒருவர் கையில் தொலைபேசியுடன் என்னை அணுகினார். அவருடைய மூத்த மகன் கனடா நாட்டின் மானிட்டோபா மாகாணத்தில் ஒரு தானியக் கிடங்கில் வேலை செய்கிறான். போய் ஓராண்டுகூட ஆகவில்லை. பழைய சிறு பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். அதன் படத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். முன்னே இருவர் அமரும் அறை. பின்னே கூரையில்லாத பெட்டி. அப்பெட்டிக்குள் ஐந்து மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மூட்டையின் மேல் அச்சிட்டிருந்த சொல்லைப் பேரன் எழுத்துக்கூட்டி வாசித்து, "மணல்" என்று சொல்லிவிட்டான். அதுதான் அந்தத் தாயாரின் துயரம்.

"படித்த பிள்ளை, சாமி. நிலத்தை ஈடு வைத்து அனுப்பினோம். அங்கே போய் மணல் சுமக்கிறானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆயினும் அடக்கிக்கொண்டேன். ஏனெனில் மானிட்டோபாவுக்கு நேர் தெற்கே, எல்லைக்கு இப்பாலுள்ள அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். மூன்று சிற்றூர் ஆலயங்களுக்கு நானே பொறுப்பு. அவற்றிடையே ஓடுவதற்கு என்னிடம் இருந்ததும் இதே போன்ற ஒரு வண்டிதான். அதிலும் மணல் மூட்டைகள் இருந்தன. அம்மணலின் கதையை அந்தத் தாயாருக்குச் சொன்னேன். பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நம் குடும்பங்களில் பலர் இருப்பதால், இங்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பதையும் நாம் பனி என்கிறோம். வானிலிருந்து மாவு போல் கொட்டி முழங்கால் அளவு நிற்பதையும் பனி என்கிறோம். நான் இங்கே சொல்வது இரண்டாவதை. சனவரி மாதத்தில் அந்தச் சமவெளியில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்பது அதிசயமன்று. மலையோ காடோ இல்லாத தட்டை நிலமாதலால், காற்று எழும்பினால் தரையில் கிடக்கும் பனியெல்லாம் மறுபடியும் மேலெழுந்து, பத்தடி தூரத்திலுள்ள கம்பமும் மறைந்துபோகும்.

இத்தகைய பாதையில் பிக்கப் வண்டிக்கு ஒரு தனிக் குறை உண்டு. அது சுமை ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட வண்டி. எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் பெட்டி. ஆகவே சுமையில்லாத வேளையில் எடையில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் மேலேயே நிற்கும். ஆனால் பழைய சிறு பிக்கப்புகளில் பலவற்றில் எஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை மட்டுமே. தள்ளவேண்டிய சக்கரத்தின் மேல் எடையில்லை. எடையில்லாத சக்கரத்துக்குப் பனியின் மேல் பிடிப்பில்லை. காலை அழுத்தினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வளைவில் வண்டியின் வால் ஒரு பக்கமாய் வீசிக்கொண்டு போகும்.

அதற்காகத்தான் மணல். அங்கே கடைகளில் ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ள நீண்ட மூட்டைகளாகக் குளிர்காலந்தோறும் விற்பார்கள். நான்கு அல்லது ஐந்து போதும். மணல் உலர்ந்ததாய் இருக்கவேண்டும். ஈரமாயிருந்தால் உறைந்து பாறையாகிவிடும். அதை வைக்கும் இடந்தான் முக்கியம். நம் பார வண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும் என்பது அவர்கள் அறிந்ததே. பிக்கப்பிலும் அப்படியே. மூட்டைகளைக் கடைசிக் கதவோரத்தில் அடுக்கினால் வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும். திசை திருப்புகிற முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். எனவே பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னே தள்ளி வைக்கவேண்டும். பலகையால் சட்டமடித்து, அசையாமல் கட்டவும் வேண்டும். மோதல் நேர்ந்தால் கட்டப்படாத மூட்டை முன்னோக்கிப் பாயும். அதன் வழியில் இருப்பது ஓட்டுநரின் முதுகு.

வண்டி சிக்கிக்கொண்டால், ஒரு மூட்டையைக் கிழித்துச் சக்கரத்தின் அடியில் தூவலாம். அது மணலின் இரண்டாவது பயன். அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறையாரும் கடுங்குளிரில் மணலையே நாடுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டினால் சாதாரண உப்பு பனியை உருக்கும் வல்லமையைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. குளிர் அவ்வளவு கடுமையாக இல்லாத நாட்களில் தூவிய உப்போ வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும்; அடிக்கடி கழுவவேண்டும். அது வேறு கதை.

இதுவரை படித்தவர்கள் மணல் இருந்தால் போதும் என்று எண்ணலாம். முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணினேன். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டாம் ஆலயத்திலிருந்து மூன்றாம் ஆலயத்துக்கு விரைகையில், குறுக்குச்சாலை ஒன்றில் பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. சாவகாசமாக, அவசரமே இல்லாததுபோல் வழுக்கிச் சென்று சாலையோரப் பள்ளத்தில் இறங்கிற்று. எனக்கு அடியேதும் இல்லை. அரை மணி நேரத்துக்குப் பின் டிராக்டருடன் வந்த முதிய விவசாயி என் மணல் மூட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இது ரப்பர் அல்ல, ஃபாதர். கல்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடுகிறது. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே அது நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்கும். கடுங்குளிரில் மரக்கட்டைக்கு நிகராகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. அது அந்தக் குளிரிலும் மென்மையாய் இருந்து தரையைப் பற்றும். அதன் பரப்பில் நுண்ணிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் முத்திரையாகப் பொறித்திருக்கும். இத்தகைய டயரை 1934ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்தவர்கள் பின்லாந்து நாட்டினர். இன்று நோக்கியன் என்ற பெயரில் விளங்கும் நிறுவனத்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவை சட்டப்படி கட்டாயம். மானிட்டோபாவில் கட்டாயமில்லை, ஆனால் அங்குள்ள அரசு வாகனக் காப்பீட்டு நிறுவனம், இவற்றை வாங்குவோருக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் திட்டத்தை 2014ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

செலவை மிச்சம் பிடிக்க விரும்பி, பின்னே மட்டும் இரண்டு மாட்டுகிறவர்கள் உண்டு. அது தவறு. தள்ளுவது பின் சக்கரமானாலும், திரும்புவதும், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியும் முன் சக்கரங்களுடையவை. நான்கும் மாற்றவேண்டும். நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் வண்டி வாங்கியிருக்கிறேன், எனக்கு இந்தக் கவலையில்லை என்பாரும் உண்டு. அவ்வண்டி புறப்படுவதில் வல்லது. நிற்பதில் மற்ற வண்டிகளைப் போன்றதே. மணலும் அப்படித்தான். எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஓடுகிற வேகத்தின் உந்துதலும் கூடும். ஆகவே நிறுத்துவதில் மணலால் இலாபமில்லை. மணல் புறப்படுவதற்கு, டயர் நிற்பதற்கு என்று அந்த விவசாயி எனக்குக் கற்பித்தார். கூடவே, குளிரில் டயரின் காற்றழுத்தம் தானே குறையும் என்றும், மாதமிருமுறை அளந்து பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

எஞ்சினைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பாட்டரியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே வேளையில் எண்ணெய் கெட்டியாகிவிடுவதால், எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் வலிமை வேண்டும். எனவே பழைய பாட்டரியை நம்பிக் குளிர்காலத்தில் நுழையலாகாது. எண்ணெயும் 5டபிள்யூ போன்று குளிருக்கென இளக்கமாய்ச் செய்ததாய் இருக்கவேண்டும். ரேடியேட்டரில் உறையாத்திரவமும் தண்ணீரும் சரிபாதி. "மருந்து நல்லதென்றால் முழுவதும் மருந்தே ஊற்றுவோமே" என்று எண்ணிவிடக் கூடாது. இது சற்று வியப்பானது. தனி எதிலீன் கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதித் தண்ணீர் கலந்தால்தான் 37 டிகிரி வரை தாங்கும்.

அங்கே நிற்கும் வண்டிகளின் முகத்திலிருந்து மின்சாரக் கம்பி ஒன்று நாக்குப்போல் தொங்குவதைக் காணலாம். மின்சாரத்தால் ஓடும் வண்டியோ என்று இன்று பார்ப்பவர்கள் எண்ணுவார்கள், அல்ல. எஞ்சினை இரவில் வெதுவெதுப்பாக வைக்கும் ஹீட்டருக்கான கம்பி அது. வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஊர்ப்புற மின்சாரக் கூட்டுறவு ஒன்றின் மேலாளராயிருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எஞ்சினின் தலைப்பாகத்துப் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்தக்கூடிய ஹீட்டரைச் செய்து, 1949ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று வரும் ஹீட்டர்களின் அமைப்பு வேறு, வேலை ஒன்றே.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர் கவனித்துப் படிக்கவேண்டும். மேற்கூறியவை எல்லாம் வண்டி ஓடுவதற்கானவை. எவ்வளவு செய்தாலும் ஓடமுடியாத நாள் ஒன்று வரும். அன்று உயிர் காப்பது மணலுமன்று, டயருமன்று. ஓட்டுநர் அறைக்குள் இருக்கும் சில அற்பப் பொருட்களும், கொஞ்சம் அறிவுமே.

1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாஸ்டன் நகரைப் பனிப்புயல் தாக்கியது. ஏறத்தாழ 27 அங்குலப் பனி. நகரைச் சுற்றியோடும் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் புதைந்தன. அவ்வாறு சிக்கிய வண்டிகளில் 14 பேர் உயிரிழந்தனர். குளிரால் அன்று; கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவால். சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே அமர்ந்திருந்தார்கள். புகை வெளியேறும் பின்குழாயைப் பனி மூடிவிட்டது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூக்கம் வருவதாக எண்ணியபடியே மரணம். 2022ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ வட்டாரத்தைத் தாக்கிய புயலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் சிலர் தங்கள் வண்டிகளிலேயே காணப்பட்டனர்.

ஆகவே சிக்கிக்கொண்டவர் எஞ்சினை ஓயாமல் ஓட்டலாகாது. மணிக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் கிளப்புவதற்கு முன் இறங்கிப்போய்ப் பின்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றவேண்டும். காற்று வீசாத பக்கத்துச் சன்னலை விரற்கடை அளவு திறந்து வைக்கவேண்டும். பெட்ரோல் தொட்டி எப்போதும் பாதிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை விட்டு நடக்கவே கூடாது. அரை மைலில் வீடு இருக்கிறது என்று நம்பி இறங்கியவர்கள் திசை தவறிப் பனியிலேயே கிடந்திருக்கிறார்கள். தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தென்படும். ஏரியலில் ஒரு சிவப்புத் துணி கட்டினால் இன்னும் எளிது.

சிறு பிக்கப்பின் அறை சிறியது. விரைவில் சூடேறும் என்பது நன்மை. இருக்கைக்குப் பின்னே இடமில்லை என்பது தீமை. ஆதலால் மண்வெட்டி, கம்பளி எல்லாவற்றையும் பின்பெட்டியில் போட்டுவிடத் தோன்றும். போட்டால் அவை பனிக்கடியில் புதைந்துபோகும். என் வண்டியில் கைப்பிடி குட்டையான மண்வெட்டி ஒன்று, கம்பளி இரண்டு, விரலுறை, டார்ச், தீப்பெட்டி, தகர டப்பாவுக்குள் நிறுத்திய தடித்த மெழுகுவர்த்தி ஆகியவை பக்கத்து இருக்கையிலேயே சவாரி செய்தன. ஒரு மெழுகுவர்த்தியின் சூடு அந்தச் சின்ன அறைக்கு எவ்வளவு பெரிதென்பதை அனுபவித்தவர்களே அறிவர். அது எரியும்போதும் சன்னல் சற்றுத் திறந்தே இருக்கவேண்டும். தண்ணீர்ப் புட்டியை முழுவதும் நிரப்பக் கூடாது; உறைந்தால் வெடிக்கும். தொலைபேசியைச் சட்டைக்குள் மார்போடு வைக்கவேண்டும். குளிரில் அதன் பாட்டரியும் செத்துவிடும்.

அன்றிரவே அந்தப் பையனுடன் பேசினேன். மணலைச் சரியான இடத்தில் வைத்திருந்தான். உடன் வேலை செய்பவர்கள் காட்டிக் கொடுத்தார்களாம். டயர் நான்கும் புதியவை. மகிழ்ந்தேன். "அறைக்குள் என்ன வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "சார்ஜர் இருக்கிறது, ஃபாதர்" என்றான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். உண்பதற்கு எதை வைப்பது என்று கேட்டான். ஈரமில்லாததாய், உறையாததாய், கையுறையோடு பிய்த்துத் தின்னக்கூடியதாய் இருக்கவேண்டும் என்றேன்.

பக்கத்திலிருந்த தாயார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரமே இரண்டு கிலோ கடலைமிட்டாய் கனடாவுக்குப் புறப்பட்டது. "வண்டியில் மட்டுந்தான் வைக்கவேண்டும்" என்று பொட்டலத்தின்மேல் எழுதவும் செய்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்காகப் பையன் பேசியபோது, மண்வெட்டி, கம்பளி, மெழுகுவர்த்தி எல்லாம் இருக்கையில் இருப்பதாகச் சொன்னான். கடலைமிட்டாயைப் பற்றிக் கேட்டேன். அது முதல் பனி விழுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டதாம். அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நானும் நேரில் சொல்லவில்லை.