பாராசிட்டமால் சர்ச்சை: பால் கொடுக்கும் அம்மாக்கள் வலி மாத்திரை போடலாமா?

கர்ப்பிணிகள் டைலெனால் எடுக்கக் கூடாது, அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்க அதிபர் ட்ரம்ப் 2025 செப்டம்பர் 22 அன்று பேசினார். டைலெனால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் பாராசிட்டமால்தான். இரண்டே நாளில், அப்படி ஒரு தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அந்தப் பேச்சு கர்ப்ப காலத்தைப் பற்றியது. ஆனால், பயம் பிரசவத்தோடு நிற்பதில்லை. "நீ மாத்திரை போட்டா பால் வழியா பிள்ளைக்குப் போயிடும்" என்பது பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பேச்சுதான்.

தமிழ்நாட்டில் 44.9 சதவீத பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. தையல் வலியோடு நிமிர்ந்து உட்காரவே முடியாத அம்மா, சரியாகப் பிடித்துப் பால் கொடுப்பது எப்படி? வலியைப் பொறுத்துக்கொள்வதால் தாய்ப்பாலும் தடைபடலாம்.

மருந்து பாலில் கலக்குமா?

கலக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அம்மா தன் எடைக்கு எடுக்கும் அளவையும், குழந்தையின் எடைக்குப் பால் வழியாகக் கிடைக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இது 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்கலாம் என்பது கணக்கு. பாராசிட்டமால் பொதுவாக இந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஐபுபுரூஃபன் 1 சதவீதத்துக்கும் குறைவு.

இன்னொன்றையும் யோசியுங்கள். தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால், குழந்தைக்கே நேரடியாகப் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்கிறோம். பால் வழியாகப் போவது அதைவிட ரொம்பக் குறைவு.

சரி, அப்போ எது ஓகே?

- பாராசிட்டமால்: முதல் தேர்வு. 500 அல்லது 650 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 முறைக்கு மேல் வேண்டாம்.
- ஐபுபுரூஃபன்: தையல் வலி, மார்பு வீக்கம் இரண்டுக்கும் உதவும். சாப்பிட்ட பிறகே போட வேண்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்னை, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.
- டைக்ளோஃபெனாக்: சிசேரியனுக்குப் பிறகு டாக்டர்கள் சில நாட்களுக்குக் கொடுப்பது வழக்கம். அவர்கள் சொன்ன நாட்களோடு நிறுத்திவிடுங்கள்.

எதில் கவனம்?

- கோடீன்: இது உடலில் மார்ஃபினாக மாறும். சிலருக்கு மரபணு காரணமாக இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அப்போது பாலில் மார்ஃபின் அளவு கூடி, குழந்தையின் மூச்சே பாதிக்கப்படலாம். சில இருமல் சிரப்புகளிலும் கோடீன் உண்டு.
- டிராமடால்: கோடீன், டிராமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. டாக்டர் எழுதியிருந்தால், பால் கொடுப்பதை ஞாபகப்படுத்திக் கேளுங்கள். பழைய சீட்டை வைத்து மறுபடி வாங்க வேண்டாம்.
- ஆஸ்பிரின்: குழந்தைகளுக்கு ரேயிஸ் சிண்ட்ரோம் என்ற அரிய, ஆபத்தான பாதிப்போடு தொடர்புடையது. வலிக்காக இது வேண்டாம்.
- நிமெசுலைடு: 12 வயதுக்கு உட்பட்டோருக்கு இதைக் கொடுக்க இந்தியாவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. மெடிக்கலில் தந்தாலும் வேறு கேளுங்கள்.

அட்டையின் பின்பக்கம் பார்த்தீர்களா?

நம்ம ஊரில் நிஜமான சிக்கல் இங்கேதான். "வலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் கூட்டு மாத்திரை. பாராசிட்டமாலோடு டிராமடால் சேர்ந்த மாத்திரையும் உண்டு, அசெக்ளோஃபெனாக் சேர்ந்ததும் உண்டு. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், தெரியாமலே டபுள் டோஸ். பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள்.

மாத்திரை போட்டால் பாலைப் பீய்ச்சிக் கொட்டணுமா?

பாராசிட்டமால், ஐபுபுரூஃபனுக்குத் தேவையே இல்லை. பால் கொடுத்து முடித்த உடனே மாத்திரை போட்டால், அடுத்த முறை பாலில் இருக்கும் அளவு இன்னும் குறையும். அவ்வளவுதான்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

நீங்கள் மாத்திரை எடுக்கும் நாட்களில் குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கினால், எழுப்பியும் பால் குடிக்காவிட்டால், உடல் துவண்டால், மூச்சுவிடச் சிரமப்பட்டால் தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைவான குழந்தை என்றால் எந்த மாத்திரைக்கும் முன்பே குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. மார்பு வலியோடு காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், மாத்திரையால் மட்டும் சமாளிக்க வேண்டாம்.

மெடிக்கலில் மாத்திரை கேட்கும்போது ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "பால் கொடுக்கிறேன்." கணவரோ அம்மாவோ வாங்கப் போனால், அவர்களும் இதைச் சொல்லட்டும்.