சுவிட்சுகளின் வட்டார வழக்குகள்

வலையமைப்பின் சுவிட்சுகளையும் ரவுட்டர்களையும் ஒரே மென்பொருளால் நிர்வகிக்க வேண்டுமெனில் இடையில் டிரைவர் வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் கட்டளைகளை அதுவே பெயர்த்துத் தருகிறது. பைத்தானில் எழுதப்பட்ட நேபாம் என்னும் திறமூல நூலகத்தைப் பாருங்கள். அதன் ஜூனிப்பர் டிரைவர் நெட்கான்ஃப் என்ற பொது நெறிமுறையில் பேசுகிறது. விடை ஒழுங்கமைந்த தரவாகவே வருகிறது. சிஸ்கோ ஐஓஎஸ் டிரைவரோ, மனிதர் படிப்பதற்கெனத் திரையில் வரும் உரையை வரிவரியாகப் பிரித்துப் பொருள் காண்கிறது. புதிய பதிப்பில் ஒரு பத்தித்தலைப்பு மாறினாலும் பொருள் பிறழக்கூடும். (பேசுவோரை அணுக முடியாமல், எழுத்தை மட்டும் வைத்து இலக்கணத்தை ஊகிக்கும் மொழியியலாளரின் பாடும் இதுதான்.)

நெட்கான்ஃப் 2006இலேயே தரப்படுத்தப்பட்டது. ஆயினும் நெறிமுறை ஒன்றானால் போதாது. அதில் வழங்கும் சொற்களும் ஒன்றாக வேண்டும். எனவே பொதுப்பணத்தில் கருவி வாங்கும் பல்கலைக்கழகங்கள் நெட்கான்ஃபையும் ஓப்பன்கான்ஃபிக் தரவு மாதிரிகளையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கட்டாய நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் கருத்து. விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்து வாங்கினால், விற்றவரின் மேலாண்மை மென்பொருளுக்கே ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த நேரலாம். வாங்கிய பிறகு யாரேனும் டிரைவர் எழுதித் தருவார்கள் என்று காத்திருப்பதும் பயன் தராது: நேபாமின் மையத் தொகுப்பே அரிஸ்டா, சிஸ்கோ, ஜூனிப்பர் என மூன்று நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது.