பூச்சி டீம் எடுத்தவர்கள் சார்பாக

"பூச்சி டைப் எண்டது ஆர்ட்ஸ் மாதிரி. வேற ஒண்டும் கிடைக்காதவன் எடுக்கிறது."

விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணிதப் பிரிவில் படிச்சு வந்த அண்ணா ஒருத்தர் சொன்னது. பகிடிதான். எல்லாரும் சிரிச்சம், நாங்களும் சிரிச்சம். அறைக்கு வந்து படுத்த பிறகுதான் சுட்டது. ஒரே வசனத்தில் இரண்டு பேருக்கு அடி: பூச்சிக்கும் விழுந்தது, கலைப்பீடத்துக்கும் விழுந்தது. ஆகவே இரண்டு பேர் சார்பிலும் இந்தப் பதிலை எழுதுகிறோம்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். போக்கிரோக் என்பது போக்கிமான் ரசிகர்கள் செய்து இலவசமாக விட்டிருக்கும் கேம். பேரைக் கேட்டால் போக்கிரி மாதிரி இருக்கும், குணமும் அப்பிடித்தான். பிரவுசரிலேயே ஓடும் என்பதால் எங்கட மலிவு போனிலும் ஓடும். மொத்தம் 200 அலைகள். பத்து அலைக்கு ஒருக்கா காயம் ஆறும், இடம் மாறும். டீமில் கூடியது ஆறு பேர். தொடக்கத்தில் ஆள் எடுக்க 10 புள்ளிதான் தருவார்கள். ஆறு பேரும் விழுந்தால் ஆட்டம் சரி, திரும்ப முதலாம் அலை. ஒருக்கா 200 ஐயும் கடந்தவர்களுக்குத்தான் சவால் முறை திறக்கும். அதில் ஒன்று ஒற்றை வகை. நெருப்பு என்றால் ஆறும் நெருப்பு, பூச்சி என்றால் ஆறும் பூச்சி.

இந்தச் சவாலுக்கு எந்த வகை மேலே, எந்த வகை கீழே என்று இணையத்தில் டியர் லிஸ்ட்டுகள் கிடக்கின்றன. அண்ணாவும் ஒரு லிஸ்ட்டைப் பார்த்துத்தான் உருக்கு வகை எடுத்தார். அவருடைய நியாயத்தை மறைக்க மாட்டோம். உருக்கு 10 வகைகளின் அடியைப் பாதியாக்கும், நஞ்சு அதைத் தொடவே தொடாது. பூச்சி பாதியாக்குவது மூன்றே மூன்று வகைகளை. திருப்பி அடித்தாலும் ஏழு வகைகள் பூச்சியின் அடியைப் பாதியாக வாங்கிக்கொள்ளும். கணக்கு சரி. அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்தக் கணக்கு வகையைத்தான் எண்ணுது. சண்டைக்குப் போவது வகை இல்லை, ஆறு ஆட்கள்.

பூச்சிக்குப் பகை மூன்று: நெருப்பு, பறவை, பாறை. சும்மா ஆறு பூச்சியை அள்ளிப் போட்டால் முதல் நெருப்பிலேயே ஆறும் வேகும். ஆனால் அநேகமான போக்கிமானுக்கு இரண்டாவது வகை ஒன்றும் இருக்கும். அராக்வனிட் பூச்சி, கூடவே நீர், நெருப்பை அணைக்கும். கல்வான்சுலா பூச்சி, கூடவே மின்சாரம்; பறக்கிறதை விழுத்தும். சிசோர் பூச்சி, கூடவே உருக்கு; பாறையை உடைக்கும். மூன்று ஓட்டைக்கும் மூன்று பேர், மூன்று பேரும் பூச்சிதான். ஒற்றை வகை டீம் என்றால் ஒரே மாதிரி ஆறு பேர் என்று நினைக்கிறவர் முதலிலேயே தோற்றுவிட்டார். அந்த டீமைக் காப்பாற்றுவது அதற்குள்ளே இருக்கும் வித்தியாசம்.

நாங்கள் வெல்லவில்லை. அதையும் சொல்லத்தான் வேணும். முதல் தடவை 195 ஆம் அலையில், கூடவே வளர்ந்து வரும் எதிராளி மெகா ரேக்வாசாவை இறக்கினான். பறக்கிறதுதானே என்று கல்வான்சுலாவை விட்டோம். ரேக்வாசாவுக்கு டிராகன் வகையும் உண்டு. மெகாவான பிறகு அது கிளப்பும் காற்று, பறக்கும் வகையின் பலவீனத்தை மூடிவிடும். எங்கட மின்சாரம் பாதிதான் பட்டது. டீம் முழுக்க விழுந்தது.

அண்டைக்கு இரவு ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பார்த்தோம்: டிராகனுக்கு எது பகை? பனி. பனியும் பூச்சியும் சேர்ந்த ஆள் இருக்கா? இருக்கு, ஃபுரோஸ்மொத். லிஸ்ட்டுகளில் அதை ஏன் தள்ளி வைக்கிறார்கள் என்றால், நெருப்பும் பாறையும் அதை நாலு மடங்கு அடிக்கும். டீமில் ஆகவும் பஞ்சான ஆள். ஆனால் 195 இல் நிற்கும் ரேக்வாசாவும் டிராகன், 200 இல் நிற்கும் இட்டர்நேட்டஸும் நஞ்சோடு சேர்ந்த டிராகன். இரண்டுக்கும் எங்களிடம் இருந்த மறுமொழி அந்தப் பஞ்சான ஆள்தான். அடுத்த தடவை 195 ஐக் கடந்தோம். 200 இல், இட்டர்நேட்டஸ் இரண்டாம் தரம் பெருத்து எழும்பின பிறகு, நஞ்சுக்கு அசையாமல் நின்ற எங்கட சிசோர் ஒரே ஒரு ஃபிளேம்த்ரோவரில் கருகிப் போனது. அதோடு சரி.

அண்ணாவின் உருக்கு டீம் முதல் தடவையே வென்றது. வாழ்த்துகள். ஆனால் "உங்கட நாலாவது ஆள் ஏன் டீமில இருக்கு?" என்று கேட்டோம். "லிஸ்ட்டில இருந்தது" என்றார். எங்கட சண்டை இந்த மறுமொழியோடுதான். அவர் 200 அலை கடந்தார், தன் டீமை ஒருக்காலும் பார்க்கவில்லை. நாங்கள் தோற்றோம், ஆனால் ஆறு பேரும் ஏன் நின்றார்கள், ஏன் விழுந்தார்கள் என்று சொல்லுவோம்.

இனி ஆர்ட்ஸ் கதைக்கு வருவோம்.

இலங்கையில் பள்ளிக்கூடங்களுக்கும் டைப் இருக்கு. 1AB, 1C, 2, 3. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளது 1AB. 1C இல் உயர்தரம் உண்டு, விஞ்ஞானப் பிரிவு இல்லை. இதை எழுதுகிற மூன்று பேரில் இரண்டு பேர் 1C. முல்லைத்தீவில் ஒரு கிராமத்திலிருந்து விஞ்ஞானம் படிக்கப் போகிறதென்றால் வீட்டை விட்டுத் தங்கவேணும், அல்லது விடிய முதல் பஸ் பிடிக்கவேணும். "வேற ஒண்டும் கிடைக்காதவன்" என்றது அந்த அளவில் உண்மை. அதைச் சொல்லிச் சிரிக்க என்ன இருக்கு?

இன்னொன்று. "வன்னிக் கோட்டாவில வந்தவை" என்பதும் நாங்கள் கேட்டுப் பழகின வசனம். பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிப்பார்கள். கலைத்துறைக்கு அடிப்படை அகில இலங்கைத் திறமை வரிசை. கொழும்புப் பிள்ளையும் நாங்களும் ஒரே வரிசையில் நின்றுதான் உள்ளே வந்தோம்.

ஆர்ட்ஸ் என்று ஒரே சாக்கில் கட்டுகிறீர்களே, அளவையியலும் புவியியலும் எடுத்தவனும் நாடகமும் அரங்கியலும் எடுத்தவளும் ஒரே ஆளோ? "வன்னிப் பெடியள்" என்கிறீர்கள். எங்களில் ஒருவருடைய குடும்பம் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஒருவருடையது 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தது. மற்றவர் தலைமுறையாக முல்லைத்தீவுக் கடற்கரை. விடுதியில் எங்களுக்கு ஒரே பேர். எங்கட இரண்டாவது வகையை ஒருத்தரும் கேட்கிறதில்லை.

எங்கட ஆட்களுக்கும் சொல்ல இருக்கு. ரியூட்டரி நோட்ஸைப் பாடமாக்கி வந்து, இங்கேயும் சீனியர் தந்த நோட்ஸை அப்பிடியே எழுதிவிட்டுப் போகிற நாங்களும் லிஸ்ட் பார்த்து டீம் கட்டுகிறவர்கள்தான். பாஸ் பண்ணலாம். ஏன் அந்த விடை சரி என்று கேட்டால் அண்ணாவின் மறுமொழிதான் எங்களிடமும் இருக்கும். அந்த இடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே கேட்கிறோம். அடுத்த ஒற்றை வகைச் சவாலுக்கு, எடுக்காதே என்று சொல்கிற வகையை எடுங்கள். லிஸ்ட்டை மூடுங்கள். அந்த வகையின் பகைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதே வகைக்குள் யார் மறுமொழி என்று எழுதுங்கள். மறுமொழி இல்லாத இடத்தை வெறுமையாக விடுங்கள், நீங்கள் விழப்போவது அங்கேதான். விழுந்தாலும் பிடிச்ச ஆட்கள் கையை விட்டுப் போகாது. அடுத்த தடவைக்கு இருப்பார்கள்.

நாங்கள் இன்றிரவு திரும்பத் தொடங்குகிறோம். இந்த முறை லார்வெஸ்டாவும் டீமில் இருக்கு. பூச்சியும் நெருப்பும் சேர்ந்த ஆள். 59 ஆம் லெவல் வரும்வரை மாறாது, அதுவரை மற்ற ஐந்து பேரும் சுமக்கவேணும். லிஸ்ட்டைக் கேட்டால் நேர விரயம் என்று சொல்லும். அண்ணா, வேணுமெண்டால் வந்து பக்கத்தில இருந்து பாருங்கோ.