வீடு கேட்டால் சாதியும் ஊரும் எதற்கு?



கொடிகாமத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகும் எங்கள் தொழிலாளரிடம், வாடகை எவ்வளவு கட்டுவீர்கள் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எவடத்து ஆக்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். மலையகம் என்று பதில் வந்தால், அதுவரை சும்மா கிடந்த வீட்டுக்கு உடனே வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரப்போகிறார்! யாழ்ப்பாணத்துக்குள்ளேயே என்றால், அடுத்த கேள்வி சாதியைத் தேடிப் போகிறது. தரகரும் தன் பங்குக்கு, "அந்த ஒழுங்கை உங்களுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இது தொழிற்சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வேலைதான். வெளியே வீடு கிடைக்காதவர் தோட்டத்துக்காரர் தந்த கொட்டிலில்தான் இருக்க வேண்டும். வேலை போனால் கூரையும் போகும் என்ற பயத்தோடு சம்பள உயர்வு கேட்க வாய் வருமா? மலையகத்தில் லயன் காம்பராவை வைத்து எங்கள் மக்களைத் தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்தது இப்படித்தான். அங்கே 10 பேர்ச் காணிக்காக இன்றைக்கும் போராடுகிறோம். இங்கத்தைய கணக்கில் அது ஒரேயொரு பரப்பு. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வடக்கே வந்த குடும்பங்களையும், தென்னந்தோட்டங்களில் வேலை செய்கிற குடும்பங்களையும் அதே கயிற்றால் இங்கேயும் கட்ட விடமுடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1978 அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் முதலியவற்றால் எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 14ஆம் உறுப்புரை நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். தனியாரும் மதிக்கவேண்டிய இடங்களாக 12(3) பட்டியலிடுவது கடை, உணவகம், விடுதி, பொதுக் களியாட்ட இடம், வழிபாட்டிடம் ஆகியவற்றையே. வாடகை வீடு அதில் இல்லை. 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கையில் இருந்தும், தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் 1960களில் சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் போராடித்தான் நுழைய வேண்டியிருந்தது. வீட்டு வாசலுக்கு அந்தளவு சட்டமும் இல்லை.

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11ஆம் திகதி, நியாய வீடமைப்புச் சட்டம் கையெழுத்தானது. இன்று அங்கே வீட்டுத் தரகராக வர விரும்புபவர் அந்தச் சட்டத்தைப் படித்தாக வேண்டும். ஆளின் நிறத்தைப் பார்த்து "உங்களுக்கு வேறு பகுதி காட்டுகிறேன்" என்று திருப்பிவிடுவதும் அங்கே குற்றம். கனடாவின் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, வீடு விடயத்திலும் சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் என்று 2023இல் தெளிவாக அறிவித்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரொறன்ரோவில் அந்தச் சட்டத்தின் நிழலில் வீடு எடுத்து வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர் வீட்டுக்கு மட்டும் வேறு நியாயமா?

வீட்டுக்காரரின் பயத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. வாடகை தவறலாம், வீடு பழுதாகலாம். அதற்கு முற்பணம் கேளுங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், வேலை செய்யும் இடத்தில் விசாரியுங்கள். சாதி வாடகை கட்டாது; பிறந்த ஊர் சுவரைக் காப்பாற்றாது.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அடுத்தவர் படலையில் நின்று இடம் கேட்பது என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். வாடகையிலும் காணி விற்பனையிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம், தனியாரையும் தரகரையும் கட்டுப்படுத்தும் வகையில் வரவேண்டும். தரகர்களே, வீட்டுக்காரர் சாதி பார்க்கச் சொன்னால் அந்த வீட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

அங்கத்தவர்களே, வீடு மறுக்கப்பட்டால் திகதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். சட்டம் கேட்கப் போகும்போது அதுதான் எங்கள் ஆதாரம். வீட்டுத்திட்டப் பட்டியலிலோ காணி அனுமதிப்பத்திரத்திலோ அரச அலுவலகம் பாரபட்சம் காட்டினால், ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகவும் ஒரு மாதம்தான் தவணை. நாள் கடத்த வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் லயத்துக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் "நீங்கள் யார் ஆக்கள்?" என்ற கேள்வி எழக்கூடாது. வெளியே கேட்கும் நியாயத்தை உள்ளேயும் நடத்திக் காட்டினால்தான் எங்கள் குரலுக்கு வலு.