கூலிக்கு இரு வரம்புகள்

கூலியை நிர்ணயிப்பவர் யார்? முதலாளியா, தொழிலாளியா, அன்றி அரசாங்கமா? பொருளியல் பயிலும் மாணவர் மட்டுமன்றி, மாதச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்துவோரும் சிந்திக்கவேண்டிய வினா இது. விடை காண்பதற்கு ஆங்கில நாட்டுச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் துணைபுரியும்.

1348ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் புகுந்த கொள்ளைநோய், ஈராண்டுக்குள் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் மாய்த்தது என்பர். வயல் இருந்தது, விளைந்த கதிர் இருந்தது, அறுப்பதற்குக் கைகள் இல்லை. அதுவரை நிலப்பிரபுவின் வாசலிற் காத்துநின்ற கூலியாள், "இவ்வளவு தந்தால் வருவேன்" என்று சொல்லத் துணிந்தான். ஒருவர் மறுத்தால் அடுத்த ஊரில் மற்றொருவர் கொடுக்கச் சித்தமாயிருந்தார். கூலி உயர்ந்தது.

மூன்றாம் எட்வேர்ட் மன்னனின் அரசு வாளாவிருக்கவில்லை. 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் பிறந்தன. நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் எவரும் கேட்கலாகாது, கொடுக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். மீறியோர் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் முற்றிய கதிர் உதிரும்போது சட்டத்தை நினைப்பவர் யார்? கூலியேற்றம் தாமதித்ததேயன்றித் தடைப்படவில்லை. அச்சட்டம் விளைத்த மனக்கசப்பு, 1381இல் மூண்ட குடியானவர் கிளர்ச்சிக்கும் ஒரு காரணமாயிற்று.

இனி நமது நாட்டை நோக்குவோம். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், ஒவ்வொரு தொழிலுக்கும் இதற்குக் குறைந்த சம்பளம் கொடுக்கலாகாது என விதிப்பதற்கு வழிசெய்தது. 2016ஆம் ஆண்டின் சட்டமொன்று தேசிய மட்டத்திலும் குறைந்தபட்ச வேதனத்தை வகுத்தது. அங்கே உச்சவரம்பு, இங்கே அடிவரம்பு. ஏனிந்த வேற்றுமை? அங்கே ஆட்கள் அருகியிருந்தனர்; இங்கே வேலை தேடுவோர் பெருகியிருந்தனர்.

வாசலில் வேலை கேட்டு நிற்பவன் வாய்திறவாமலே, உள்ளே உழைப்பவனின் கூலியைக் கட்டுப்படுத்துகிறான். குற்றம் அவனுடையதன்று, பசி அவனை எதற்கும் இசையச் செய்கிறது. எனவே, வேலையற்றோரின் துயரம் வேலையுள்ளோரின் துயரமுமாகும். சட்டம் கூலி வீழாமற் காக்கலாம்; அதனை உயர்த்தி நிறுத்துவது வேலைவாய்ப்பின் பெருக்கமே. அயல்வீட்டு இளைஞனுக்கு வேலை கிடைத்தது என்று கேள்வியுற்றால் மகிழுங்கள். அதில் உங்கள் நன்மையும் அடங்கியிருக்கிறது.