ஃபேமிலி மேன் 2: 2009 நடக்காத இலங்கை

2021 ஜூன் 4, வெள்ளிக்கிழமை அமேசான் பிரைமில் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாவது சீசன் வந்தது. திங்கட்கிழமை டீம்ஸ் காலில் டெல்லிக்கார சகா ஒருத்தர் கேட்டார்: "உங்க ஆளுங்க நிஜமாவே ஐஎஸ்ஐ கூட சேர்ந்திருந்தாங்களா?"

சமந்தாவின் மேக்கப் பற்றி எல்லாரும் பேசியாச்சு. அதை விடுங்க. கதையின் அஸ்திவாரமே ஓட்டை.

2000-ல் யாழ்ப்பாணம் புலிகள் கைக்குப் போகும் நிலையில் இருந்தபோது, இலங்கை ராணுவத்துக்குப் பல்குழல் ராக்கெட் ஏவிகளைக் கொடுத்ததே பாகிஸ்தான்தான். 2006 ஆகஸ்டில் கொழும்பில் பாகிஸ்தான் தூதரின் வாகன அணிக்குக் குண்டு வைத்தபோது இலங்கை அரசு கைகாட்டியது புலிகளை. 1990 காத்தான்குடி பள்ளிவாசல் படுகொலை, அதே ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியது, இதெல்லாம் நம்ம பக்கத்தில் பேசவே கூச்சப்படும் விஷயங்கள். ராஜியும் சாஜித்தும் தோளோடு தோள் நிற்பதை நம்பணும்னா இத்தனையும் மறக்கணும்.

லண்டன் காட்சிகள் இன்னும் வேடிக்கை. தலைவர் பாஸ்கரன் இங்கே உட்கார்ந்து அரசியல் நடத்துகிறார். பிரிட்டன் புலிகளைத் தடை செய்தது 2001-ல். ஊர்வலத்தில் கொடி பிடித்தாலே பயங்கரவாதச் சட்டத்தின் 13-ம் பிரிவில் வழக்குப் போடலாம். கற்பனைக் கதைதானே என்பார்கள். பாஸ்கரன் என்ற பெயர் யாரை ஞாபகப்படுத்த வைத்தது?

சின்ன விமானத்தில் குண்டு என்பது மட்டும் நிஜத்தில் வேர் உள்ளது. 2007 மார்ச்சில் புலிகள் இலகுரக விமானத்தில் வந்து கட்டுநாயக்காவைத் தாக்கினார்கள். அதைத் தேடிப் பிடித்தவர்களுக்கு 2009 மே கண்ணில் படவில்லை. அத்தோடு தலைமை முடிந்தது. சுமார் 12,000 முன்னாள் போராளிகள் 'புனர்வாழ்வு' முகாம்களுக்குப் போனார்கள். வெளியே வந்த பிறகும் புலனாய்வுக்காரர்கள் வாசலுக்கு வருவதும், வேலை கிடைக்காததும், உடம்பில் இருக்கும் செல் துண்டுகளும்தான் அவர்கள் கதை. ராஜி வாய் திறக்காமல் சென்னையில் மில் வேலைக்குப் போய்வரும் ஆரம்பக் காட்சிகள் அந்த வாழ்க்கைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகின்றன. அப்புறம் வழக்கமான பயங்கரவாதி.

ஈஸ்ட்ஹாமில் யாழ்ப்பாண நண்பர் வீடு. இங்கேயே பிறந்த பதினாறு வயசுப் பையன் தொடரைப் பார்த்துவிட்டு, "மாமியும் ராஜி மாதிரியோ?" என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறான். மாமி என்றால் அவனுடைய அத்தை. முகாமில் இருந்து வந்து இப்போது கிளிநொச்சியில் தையல் வேலை. அவரிடமே கேட்கச் சொல்லலாமே என்றேன். "ஃபோனில இதுகளைக் கதைக்க மாட்டா, பயம்" என்றார் நண்பர்.