வகுப்பறைக்கு ஊரையும் அழையுங்கள்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும்,



நம் மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் கல்லூரிகளிலும் நடக்கும் பொது சுகாதார வகுப்புகளில் மீனவப் பஞ்சாயத்துத் தலைவர்கள், பழங்குடி மூப்பர்கள், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகள், தூய்மைப் பணியாளர் சங்கத்தினர், திருநங்கையர் தலைவர்கள் ஆகியோர் வந்து பாடம் எடுக்க வழிசெய்ய வேண்டும். இதைக் கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஆண்டு விழாவுக்கு வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போவதைப் பற்றி நான் பேசவில்லை. ஆசிரியர் நிற்கும் இடத்தில் அவர்கள் நிற்க வேண்டும்.

இதைத் தொடங்கத் தமிழ்நாட்டைவிடத் தகுதியான மாநிலம் இல்லை. பொது சுகாதாரத்துக்கென நாட்டிலேயே முதன்முதலாகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது 1939-இல் அன்றைய சென்னை மாகாணம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறவர்கள் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள். களத்தில் ஊரை நம்பும் அரசு, வகுப்பறையிலும் அந்த நம்பிக்கையை வைக்கலாம்.

இன்று நம் மாணவர்கள் சமூக மருத்துவத்தைப் பெரும்பாலும் ‘பார்க்’ என்று அழைக்கப்படும் பாடநூலில்தான் படிக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி கிராமத்துக்கும் போகிறார்கள். படிவம் நிரப்புகிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், பேருந்தில் ஏறித் திரும்புகிறார்கள். அங்கே கேள்வி கேட்பவர் மாணவர், பதில் சொல்பவர் ஊர்க்காரர். படிவத்தில் இல்லாத எதையும் ஊர்க்காரர் சொல்ல வாய்ப்பே வருவதில்லை.

ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. எந்த அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. ஏன் என்று ஒரு குழுத் தலைவியைக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனதும் கர்ப்பிணிப் பெண் பயந்துவிடுகிறாள். காலையில் போட்டால் குமட்டுகிறது. பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் சிரமமாகும் என்று மாமியார் தடுக்கிறார். இவற்றோடு, யார் போய்ச் சொன்னால் அந்த மாமியார் கேட்பார் என்பதும் குழுத் தலைவிக்குத் தெரியும். அது எந்தப் பாடநூலிலும் அச்சாவதில்லை.

சுற்றுச்சூழல் சுகாதாரம் நடத்தும் ஆசிரியர்கள் எண்ணூரை நினைத்துப் பார்க்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். தண்ணீர் எங்கே சுடுகிறது, சாம்பல் எங்கே படிந்திருக்கிறது, எந்த மீன் எப்போது காணாமல் போனது, உடம்பில் அரிப்பு எப்போது தொடங்கியது என்று அவர்களால் வரிசையாகச் சொல்ல முடியும். நோய்ப் பரவலியலின் முதல் கேள்விகள் இவைதாமே?

ஊரின் குரல் நோயை விரட்டியதற்கும் சான்று உண்டு. 2009-இல் இந்தியாவில் 741 போலியோ நோயாளிகள். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தவர். சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தியால் பல வீடுகள் கதவைச் சாத்தின. பள்ளிவாசல் இமாம்களும் உள்ளூர்ப் பெண்களும் முன்வந்து பேசிய பிறகு அந்தக் கதவுகள் திறந்தன. மேம்பட்ட சொட்டு மருந்தும் சேர்ந்துகொள்ள, 2010-இல் எண்ணிக்கை 42 ஆனது. 2011 ஜனவரியில் ஹவுராவில் பாதிக்கப்பட்ட குழந்தையே கடைசி. இதற்கு மாறாக, 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நம் மாநிலத்திலேயே வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் தயங்கினார்கள்; முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. அறிவியல் நம் பக்கம் இருந்தது. அதை ஊர் நம்பும் குரலில் சொல்ல ஆட்களை நாம் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளவில்லை.

அழைக்கப்படுபவர் அறிவியலுக்குப் புறம்பாகப் பேசிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பேராசிரியர் உடன் இருக்கட்டும். தவறான நம்பிக்கையை, அதைச் சொல்பவரின் மனம் நோகாமல் எப்படி எதிர்கொள்வது என்று மாணவர்கள் கண்ணெதிரே கற்கட்டும். கட்சி மேடையாகிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. பேச்சாளர்களைக் கிராம சுகாதாரச் செவிலியர்களின் பரிந்துரையோடு துறையே தேர்ந்தெடுத்தால் அதைத் தவிர்க்கலாம்.

என் கோரிக்கைகள் ஐந்து. ஒன்று, இப்போதுள்ள பாட நேரத்துக்குள்ளேயே மாதம் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு, சிறப்புப் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தையும் பயணப்படியையும் இவர்களுக்கும் தாருங்கள். மீனவர் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. மூன்று, வகுப்பு தமிழிலேயே நடக்கட்டும்; தமிழ் தெரியாத மாணவர்களுக்கு உடன் படிப்பவர்கள் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். நான்கு, அங்கே பேசப்பட்டதிலிருந்து தேர்வில் கேள்வி வரட்டும். தேர்வில் வராததை மாணவர்கள் படிப்பதில்லை. ஐந்து, வகுப்பில் ஊரார் சொன்ன குறைகளுக்கு என்ன நடந்தது என்பதை ஆறு மாதத்துக்குள் கல்லூரி அந்த ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இது இல்லையென்றால் இரண்டாம் முறை அழைக்கும்போது யாரும் வரமாட்டார்கள்.

சுகாதாரத் திட்டங்களை வகுப்பதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978-இல் அல்மா-ஆட்டா பிரகடனம் சொன்னது. அந்த உரிமையை மதிக்கும் மருத்துவரை உருவாக்க வேண்டுமானால், மக்களிடம் பாடம் கேட்டுப் பழக அவருக்கு மாணவப் பருவத்திலேயே இடம் தர வேண்டும்.

இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, பெரும் நிதியும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரு சுற்றறிக்கையும் துறையின் ஒரு சிறு ஒதுக்கீடும் போதும். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவைக்குமாறு உங்கள் இருவரையும் பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொது சுகாதாரம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்